வலையை இழுக்கவும் தெரியணும், சுருட்டவும் தெரியணும்

இந்த மாசம் வந்த கேள்வியில முக்கால்வாசி ஒரே கேள்விதான், ஊர் மட்டும்தான் வேற வேற. வெயில் தாங்கல, செடிக்கு மேல நிழல் வலை போட்டாச்சு, அப்பறமும் காய் நிக்கல, என்ன பண்றது. கத்திரி இன்னும் முழுசா முடியல, முன் ஏழு பின் ஏழுன்னு சொல்லிச் சொல்லியே ஒரு மாசம் வறுத்து எடுக்குது. அதனால இந்தத் தடவை உரம், பூச்சி கேள்வியெல்லாம் அடுத்த மாசத்துக்குத் தள்ளிட்டு, வெயில் நிழல் சங்கதி மட்டும் பேசிடுவோம்.

ஒரத்தநாடு பக்கத்துலேர்ந்து ஒரு தம்பி: அண்ணே, 1000 சதுர மீட்டர்ல பாலிஹவுஸ், அதான் பாலிதீன் கூரை போட்ட பயிர்க் கூடாரம், போட்டிருக்கேன். தை கடைசியில தக்காளி நட்டேன், பங்குனி வரைக்கும் செடி சூப்பரா இருந்துச்சு. சித்திரை பொறந்ததுலேர்ந்து பூ கொட்டிக்கிட்டே இருக்கு. பயந்துபோய் பாதி வெளிச்சத்த மறைக்கிற 50 பர்சன்ட் பச்சை வலை வாங்கி உள்ளாரயே கூரைக்குக் கீழ கட்டிட்டேன். இப்ப செடி ஒட்டடைக்குச்சி மாதிரி நீளமா போகுது, நிக்கிற காயும் எலுமிச்சம்பழ சைஸ் தாண்டல, பழுத்தா செவக்காம ஆரஞ்சு கலர்லயே நின்னுடுது, வியாபாரி எடுக்க மாட்டேங்கிறார். கடையில கேட்டா 75 பர்சன்ட் போடுங்கன்னு சொல்றாங்க. போடவா?

போடாதீங்க தம்பி. முதல்ல அத சொல்லிடுறேன், ஏன்னா இந்த லெட்டர் எனக்கு வந்து, புக்கு அச்சாகி உங்க கைக்கு வர்றதுக்குள்ள நீங்க கடைக்குப் போயிடுவீங்களோன்னு பயமா இருக்கு. நானும் இதே தப்ப பண்ணவன்தான். திருவையாறு பக்கம் முதல் வருஷம் குடமிளகா போட்டப்ப கடைக்காரர் சொன்னாருன்னு 75 பச்சை வலைய இறுக்கி கட்டிட்டு, உள்ள போனா குளுகுளுன்னு இருக்கேன்னு சந்தோஷப்பட்டேன். செடி என் தலைக்கு மேல போச்சு, எல தாமரை எல மாதிரி விரிஞ்சுது, காய் எண்ணிக்கைய கேக்காதீங்க. எங்கம்மா ஒரு நாள் உள்ள வந்து பாத்துட்டு, "ஏண்டா, மாட்டுக்கு தீவனம் வளக்குறியா"ன்னு கேட்டாங்க.

சரி, உங்க லெட்டர்ல மூணு தனித்தனி பிரச்சன இருக்கு. மூணையும் ஒரே வலையால தீக்க பாக்குறீங்க, அதான் சிக்கல்.

பூ கொட்டுறத எடுத்துக்குவோம். இன்னைக்கு கொட்டுற பூவுக்கு இன்னைக்கு வெயில் மட்டும் காரணம் இல்ல. தக்காளி பூ விரியறதுக்கு சுமாரா ஒரு வாரம் பத்து நாள் முன்னாடி, மொட்டு பட்டாணி சைஸ்கூட இல்லாம இருக்கும்போதே உள்ள மகரந்தம் உருவாகிடும், அந்த நேரத்துல சூடு அடிச்சா மகரந்தம் மலடாப் போயிடும். பூ அழகா மஞ்சளா விரியும், உள்ள சரக்கு இருக்காது. பகல்ல 32, 35 டிகிரிக்கு மேல போயி ராத்திரியும் 24, 25க்குக் கீழ எறங்கலன்னா தக்காளிக்கு இதான் கதி. சில ரகத்துல சூல்முடி வேற மகரந்தப்பைக் கூம்ப தாண்டி வெளிய நீட்டிக்கும், அப்ப மகரந்தம் நல்லா இருந்தாக்கூட மேல ஒட்டாது. ஒரு பூவ பறிச்சு வெளிச்சத்துல புடிச்சுப் பாருங்க, மஞ்சக் கூம்பு நுனியில ஊசி மாதிரி பச்சையா ஒண்ணு நீட்டிக்கிட்டு இருந்தா அதான். இதுல இன்னொன்னும் புரிஞ்சுக்கணும், இன்னைக்கு நீங்க எத சரி பண்ணாலும் பலன் தெரிய பத்து நாளாவது ஆகும். அதுக்குள்ள பதறிப்போயி மருந்துக்கடையில குடுக்குற பூ பிடிக்கிற டானிக்க எல்லாம் அடிச்சுத் தள்ளாதீங்க.

ராத்திரின்னு சொன்னேன்ல, அதான் நம்ம டெல்டாவோட தலைவலி. ஓசூர்ல, திண்டுக்கல் பக்கம் பாலிஹவுஸ் வச்சிருக்கறவங்க சொல்றத வீடியோல பாத்துட்டு நம்ம ஆளுங்க அப்படியே செய்றாங்க. ஓசூர் கடல் மட்டத்துலேர்ந்து 900 மீட்டர் கிட்ட உசரத்துல இருக்கு, அங்க பகல்ல காஞ்சாலும் ராத்திரி செடிக்கு மூச்சு விட நேரம் கெடைக்கும். நமக்கு சித்திரை வைகாசியில விடியக்காலம் நாலு மணிக்குக்கூட 27, 28 டிகிரி நிக்கிது, நாமளே திண்ணையில பாய போட்டு பொரண்டுக்கிட்டு கெடக்கோம். செடி பகல்ல சேத்த சர்க்கரைய ராத்திரி மூச்சு விட்டே செலவழிக்கும், பத்து டிகிரி கூடினா அந்த செலவு கிட்டத்தட்ட ரெட்டிப்பாகும். இதுக்கு நிழல் வலையால ஒண்ணும் பண்ண முடியாது, ராத்திரி எங்கேந்து வெயில் வருது தடுக்குறதுக்கு? சொல்லப்போனா ராத்திரியும் வலைய மூடி வச்சிருந்தா கீழேந்து ஏறுற சூட்ட அதுவே கொஞ்சம் புடிச்சு வச்சிக்கும். சாயந்தரத்துக்குள்ள வலைய சுருட்டி, மேல ஜன்னல் இருந்தா தொறந்து விட்டுடணும்.

ரெண்டாவது, காய் சின்னதா இருக்கறது. காய் பெருசாகுறதுக்கு டைம் வேணும் தம்பி. சூடு கூடினா காய் வேகமா பழுத்துடும், வளர நாள் கெடைக்காது. இங்கிலாந்துல தக்காளிய 14, 18, 22, 26 டிகிரியில தனித்தனியா வளத்து பாத்திருக்காங்க, பூ விரிஞ்சு பழுக்கறதுக்கு 14ல 95 நாள், 18ல 65, 22ல 46, 26ல 42 நாள் ஆச்சாம். அவங்க 26லயே நிறுத்திட்டாங்க, நமக்கு 26ங்கிறது மார்கழி மதியம். ஆக நம்ம காய்க்கு கெடைக்குற நாளே கம்மி, அதுல மகரந்தம் மலடா போனதால உள்ள வெதையும் கம்மி, வெத கம்மின்னா காயும் சின்னது. வெட்டி பாருங்க, சதைக்கும் வெதைக்கும் நடுவுல காலியா பொக்கையா இருக்கும், பாதி வெத வளரவே வளந்திருக்காது. இது மேல நீங்க வலையும் போட்டு சாப்பாட்டையும் கொறைச்சிட்டீங்க.

எவ்ளோ கொறைச்சீங்கன்னு கணக்கு போடுவோம். வெளிச்சத்த லக்ஸ்ங்கிற அளவுல சொல்வாங்க, உச்சி வெயில் சுமாரா 1 லட்சம் லக்ஸ். உங்க பாலிதீன் கூரை, மேல இருக்க தூசி எல்லாம் சேந்து ஒரு 15 பர்சன்ட முழுங்கிடும், மிச்சம் 85 ஆயிரம். 50 வலை போட்டா 42 ஆயிரம் சொச்சம். மதியத்துக்கு இது பரவால்ல, ஓரளவு தாங்கும். ஆனா காலையில எட்டு மணிக்கு, சாயந்தரம் நாலரைக்கு, மேகம் போட்ட நாள்ல வெளியவே 40 ஆயிரம்தான் இருக்குன்னு வைங்க, உள்ள 17 ஆயிரம். 75 போட்டா 8500. வீட்டு வராண்டாவுல தக்காளி வச்ச மாதிரிதான். வெளிநாட்டு கிரீன்ஹவுஸ்காரங்க ஒரு கணக்கு சொல்வாங்க, வெளிச்சம் 1 பர்சன்ட் கொறைஞ்சா மகசூல் ஏறக்குறைய 1 பர்சன்ட் கொறையும்னு. அது வெயிலே இல்லாத ஊருல சொன்ன கணக்கு, நம்ம ஊரு மதியத்துக்கு அப்படியே பொருந்தாது, ஆனா நம்ம ஊரு காலைக்கும் சாயந்தரத்துக்கும் நல்லாவே பொருந்தும். தக்காளி செடிக்கு மேல இருக்க எலைக்குதான் மதிய வெயில் ஜாஸ்தி, கீழ நாலாவது அஞ்சாவது எல எப்பவும் பசியோடதான் இருக்கு.

மூணாவது கலர். தக்காளி செவப்பு வர்றது லைக்கோபீன்ங்கிற நிறமியால. 30, 32 டிகிரிய தாண்டிட்டா அது உண்டாகுறது நின்னுடும், மஞ்ச ஆரஞ்சு நிறமி மட்டும் தொடர்ந்து வரும். பொட்டாசு பத்தலன்னு சொல்லி உரக்கடைக்காரர் தலையில கட்டினா நம்பாதீங்க. உங்க கேசுல பழம் சூடாகுது, அவ்ளோதான். இதுல ஒரு விஷயம் இருக்கு, தக்காளி எலைக்கு மூச்சுத் துளை இருக்கு, அது வேர்த்து தன்னத் தானே குளுமையாக்கிக்கும். தக்காளி பழத்துத் தோல்ல துளையே இல்ல. அது வேர்க்காது. நேர் வெயில் பட்டா உருட்டுக்கல்லு மாதிரி சூட்ட புடிச்சு வச்சுக்கும். போன வருஷம் சமையலுக்கு வாங்குவாங்கள்ல குத்திப் பாக்குற தெர்மாமீட்டர், அத பழத்துல குத்தி பாத்தேன், மதியம் ரெண்டு மணி, உள்ள காத்து 37. எல மறைவுல இருந்த பழம் 36, 37 காட்டுச்சு, நேர் வெயில்ல தொங்குனது 45. ரெண்டுக்கும் நடுவுல ஒரு சாண் தூரம்தான். உங்க கிட்ட தெர்மாமீட்டர் இல்லன்னா புறங்கையால தொட்டு பாருங்க, கொழந்தைக்கு காச்சல் பாக்குற மாதிரி, வித்தியாசம் நல்லா தெரியும். அதனால கீழ் எலைய கழிக்கிறேன்னு சொல்லி கோடையில பழக்கொத்துக்கு மேல இருக்க எலைய நறுக்கிடாதீங்க, அந்த ஒரு எல உங்க 50 பர்சன்ட் வலையவிட நல்ல வலை. இன்னொரு வழி, முழுசா பழுக்க விடாம, லேசா கலர் உடையும்போதே பறிச்சு நிழலான ரூம்ல பரப்பி வைங்க. 25 டிகிரி பக்கம் இருந்தா அங்கயே செவக்கும், செடியில விட்டாதான் ஆரஞ்சு.

இப்ப வலைக்கு வருவோம். வலை போட்டா காத்தோட சூடு பெருசா கொறையாது, இத நெறய பேர் நம்ப மாட்டேங்கிறாங்க. உள்ள போனா ஜில்லுன்னு இருக்கறது நம்ம தோல் மேல வெயில் படாததால, தெர்மாமீட்டர நிழல்ல தொங்க விட்டு பாத்தா வெளியவிட ஒண்ணு ரெண்டு டிகிரி கம்மியா இருந்தா பெருசு, காத்தோட்டம் இல்லன்னா ஜாஸ்தியாவே காட்டும். வலை கொறைக்கறது எலையோட சூட்டையும் பழத்தோட சூட்டையும்தான். அது பெரிய உபகாரம்தான், இல்லங்கல. ஆனா நீங்க கட்டியிருக்கறது உள்ள. வெயில் பாலிதீன தாண்டி உள்ள வந்துடுச்சு, அப்பறம் பச்சை வலை அத உறிஞ்சி தானே சூடாகி கீழ செடி மேல அடுப்பு மாதிரி விடுது. வீட்டுக்குள்ள வந்த திருடன ரூம்ல போட்டு பூட்டுன கதை. கூரைக்கு வெளிய, ஒரு ஒண்ணரை ரெண்டு அடி மேல தனி சட்டத்துல வலை இருந்தா வெயில் உள்ளயே வராது, வலை சூடானாலும் காத்து அடிச்சிட்டு போயிடும். ஆனா நீங்க ஒரத்தநாட்டுக்காரர், 2018 நவம்பர்ல கஜா புயல் என்ன பண்ணுச்சுன்னு உங்க தென்னந்தோப்புலயே பாத்திருப்பீங்க, மேல பாய் மாதிரி வலைய நிரந்தரமா விரிச்சு வைக்க நானும் சொல்ல மாட்டேன். புயல் வரைக்கும் போக வேணாம், ஆடிக் காத்துல வலை பாலிதீன் மேல உரசியே கிழிச்சிடும். வெளிய போட்டா கம்பியில ஓடுற மாதிரி போட்டு, கோடை முடிஞ்சதும் கழட்டி மடிச்சு வைக்கணும்.

அது முடியாதுன்னா உள்ளயே போடுங்க, ஆனா பச்சை வேணாம். செடி பச்சையா இருக்கறதால பச்சை வலை அதுக்கு ஏத்ததுன்னு ஒரு நெனப்பு எல்லாருக்கும், உண்மையில பச்சை வலை செடிக்கு ரொம்ப வேண்டிய செவப்பு, நீல வெளிச்சத்தத்தான் அதிகமா உறிஞ்சிடுது. வெள்ளை வலை வெளிச்சத்த செதறடிச்சு கீழ் எலைக்கும் அனுப்பும், வெள்ளி கலர்ல அலுமினியம் ஒட்டுன வலை வெயில திருப்பி மேலயே அடிச்சிடும், உள்ள கட்டறதுக்கு அதான் சரி, வெல கூட. 35 பர்சன்ட் போதும். கம்பியில வளையம் மாட்டி, கயிறு இழுத்தா ஸ்கிரீன் மாதிரி ஓடணும். கூரை உச்சி ஜன்னலுக்கு சூடு ஏறிப் போக வலைக்கு நடுவுல ஒரு அடி இடைவெளி விடுங்க, அத அடைச்சு கட்டிட்டா ஜன்னல் இருந்தும் பிரயோஜனம் இல்ல. காலையில பதினொண்ணுக்கு இழுத்து, மூணு மூணரைக்கு சுருட்டிடுங்க. மேகமா இருந்தா தொடாதீங்க.

நாலு பக்கமும் வலை கட்டியிருக்கீங்கன்னு உங்க போட்டோல தெரியுது, அத அவுத்துடுங்க, பூச்சி வலை மட்டும் இருக்கட்டும். நம்ம தஞ்சாவூர் பக்கம் சித்திரை பொறந்து நாலஞ்சு நாள்ல சூரியன் நேர் உச்சந்தலைக்கு வந்துடுது, ஒரு கம்ப நட்டு வச்சா மதியம் நிழலே விழாது, மறுபடி ஆவணியில ஒரு தடவ அப்படி வரும். வெயில் மேலேந்து கொட்டுறப்ப பக்கத்துல திரை கட்டி என்ன ஆகப்போகுது, வர்ற காத்துதான் நிக்கும். மேற்குப் பக்கம் மட்டும் சாயந்தர வெயிலுக்கு வேணா வச்சிக்கங்க.

தண்ணி விஷயம் ஒண்ணு, ரொம்ப பேர் கவனிக்கிறதில்ல. மதியம் ஒரு மணிக்கு சொட்டுநீர் வால்வ தொறந்து முதல்ல வர்ற தண்ணிய உள்ளங்கையில புடிச்சு பாருங்க. கறுப்பு குழாய்ல கெடந்த தண்ணி, கை சுடும், அதத்தான் வேருக்கு ஊத்துறோம். காலையில ஏழு மணிலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா பிரிச்சு விட்டீங்கன்னா குழாய்ல தண்ணி தங்கி கொதிக்காது. உரக் கரைசலையும் கோடையில நீர்க்க விடணும், செடி குடிக்கிற தண்ணி கூடும்போது உப்பும் சேந்து கூடிடும். காய் அடியில கறுப்பா தோல் மாதிரி அமுங்குறதும் இதே தண்ணி கோளாறுதான், கால்சியம் மண்ணுல இருந்தாலும் காய்க்கு போய் சேரல. எல வேர்த்து இழுத்துக்கும், வேர்க்காத காய்க்கு மிச்சம் மீதிதான்.

காலையில எட்டரைலேர்ந்து பத்துக்குள்ள கொத்து கட்டியிருக்க கம்பிய ஒரு குச்சியால தட்டி விடுங்க, பாலிஹவுஸ்ல காத்து கம்மி, மகரந்தம் தானா உதிராது. இதெல்லாம் பண்ணாலும் இந்த பட்டத்துல போட்ட முதலத்தான் எடுப்பீங்க, லாபத்த எதிர்பாக்காதீங்க, மனசுல பட்டத சொல்றேன். அடுத்த தடவ தையில நடாதீங்க. ஐப்பசி அடமழை ஓயுற நேரம், கார்த்திகையில நட்டா தையிலயும் மாசியிலயும் பூ நிக்கும், பங்குனியோட பெரும்பாலும் பறிச்சு முடிச்சிடலாம்.

பாபநாசத்துலேர்ந்து ஒரு அக்கா: ஷேட்நெட்ல, அதான் நிழல் வலைக் கூடாரத்துல, வெள்ளரி போட்டிருக்கோம், காய் கொக்கி மாதிரி வளையுது, நுனியில கசக்குது. வெயில்தானா?

வெயில் பாதி, தண்ணி பாதி அக்கா. வெள்ளரி தக்காளியவிட சூட்ட தாங்கும், ஆனா தாகத்த தாங்காது. ஒரு நாள் வாட விட்டு மறுநாள் வெள்ளமா விட்டா கசப்பு ஏறும், காம்புப் பக்கமும் தோலுக்கு அடியிலயும்தான் அது தங்கும். விதை இல்லாத பாலிஹவுஸ் ரகமா இருந்தா தேனீ உள்ள வந்தாலும் காய் ஒரு பக்கம் வீங்கி கோணும், உங்க ஓர வலையில கிழிசல் இருக்கான்னு பாருங்க. ஒரு செடியில ஒரே நேரத்துல நெறய காய விடாதீங்க, கோணுனத பிஞ்சுலயே கிள்ளிடணும், அது மேல பாசம் வச்சா மத்ததும் பட்டினி கெடக்கும்.

நாகப்பட்டினத்துலேர்ந்து ஒரு வாசகர்: ஃபேன் அண்ட் பேட் வச்சா 10 டிகிரி கொறையும்னு கொட்டேஷன் குடுத்திருக்காங்க. நம்பலாமா சார்?

எந்த ஊருக்கு குடுத்த கொட்டேஷன்னு கேளுங்க சார். ஈரப் பேடு வழியா காத்த இழுக்கறது நம்ம மண்பானை வேலைதான், தண்ணி ஆவியாகும்போது சூட்ட எடுத்துட்டு போகும், காத்து காஞ்சிருந்தாதான் ஆவியாகும். திருச்சியில மதியம் 40 டிகிரி, ஈரப்பதம் 30 பர்சன்ட் இருக்குன்னு வைங்க, எவ்ளோ நல்ல மிஷினா இருந்தாலும் காத்து 25க்கு கீழ எறங்க வழியே இல்ல, நடைமுறையில 29, 30 கெடைக்கும், அது நல்ல லாபம். உங்க ஊர்ல கடக்காத்து வந்தப்பறம் 35 டிகிரி, ஈரப்பதம் 65, அப்ப கடைசி எல்லையே 29தான், கைக்கு கெடைக்குறது 30, 31. நாலஞ்சு டிகிரிக்கு அவ்ளோ கரண்ட் பில்லு கட்டுபடியாகுமான்னு நீங்கதான் பாக்கணும். ராத்திரி ஈரம் இன்னும் ஏறும், பேடு ஓட்டுனா செடி நனைஞ்ச துணி மாதிரி கெடந்து நோய்தான் வரும். உங்களுக்கு கடவுள் குடுத்த ஃபேன் கடக்காத்து, அது வர்ற தெசைக்கு பக்கச் சுவர தொறந்து வச்சு உசரமா கட்டுங்க, மிச்சப் பணம் கையில நிக்கும். 50 பர்சன்ட் மானியம் வருதேன்னு சேத்துக்காதீங்க, மானியம் கரண்ட் பில்ல கட்டாது.

மன்னார்குடி தம்பி: முலாம்பழம் சைஸ் நல்லா இருக்கு, தித்திப்பு இல்ல. வலைய 50லேர்ந்து 35ஆ மாத்தவா?

எதுக்கு வலை? முலாம்பழம் வெயில் புள்ள. பழம் வலை வலையா கோடு விழுந்தப்பறம் கடைசி ரெண்டு வாரத்துலதான் சர்க்கர ஏறும், அந்த நேரத்துல எலைக்கு முழு வெளிச்சம் வேணும், நீங்க நிழல்ல வச்சு தித்திப்ப எதிர்பாத்தா எப்படி? வலைய கழட்டுங்க. பழத்து மேல மட்டும் சூடு படுதுன்னா காஞ்ச வைக்கோல மூடி விடுங்க, நம்ம ஊர்ல அதுக்கா பஞ்சம். கடைசி வாரம் தண்ணிய கொஞ்சம் கொஞ்சமா கொறைங்க, சட்டுனு நிறுத்துனா கொடி வாடும், பழுத்த பழத்துக்கு திடீர்னு நெறய விட்டா வெடிச்சிடும்.

ராஜகிரி பக்கத்துலேர்ந்து ஒரு பெரியவர்: கேள்வி இல்ல தம்பி. எங்க குடும்பம் கொடிக்கால் குடும்பம். இந்த வலை, பர்சன்ட் எல்லாம் இல்லாம நாங்க வெத்தலைக்கு நிழல் குடுத்தோமே, அத ஏன் யாரும் எழுதறதில்ல?

ஐயா, நீங்க சொன்னப்பறம்தான் எனக்கே உறைச்சுது. எங்கப்பாவும் ஒரு பத்து வருஷம் கொடிக்கால் வச்சிருந்தார், நான் சின்னப் பையனா உள்ள ஓடுனது ஞாபகம் இருக்கு, வெளிய தார் ரோடு உருகும், உள்ள கால் வைக்கிற எடமெல்லாம் சில்லுன்னு ஈரம். அகத்திய வரிசையா வெதச்சு அது மேல கொடிய ஏத்தி விடுறது, கோடையில அகத்திய தழைக்க விட்டு, மழைக்காலம் வந்து வானம் மூடுனதும் கெளைய நறுக்கி வெளிச்சம் விடுறது, நறுக்குன தழை ஆட்டுக்கு. கயிறு இழுக்காமலே தொறந்து மூடுற வலை அது. அப்பா உள்ள நின்னு அண்ணாந்து பாப்பார், தரையில வெயில் காசு காசா விழணும்பார். பெரிய வட்டமா விழுந்தா அகத்தி பத்தல, காசே விழலன்னா அருவாள எடுன்னு அர்த்தம். இன்னைக்கு லக்ஸ் மீட்டர் வச்சிக்கிட்டு நான் பாக்குறதும் அதத்தான். கும்பகோணம் வெத்தலைக்கு 2025ல புவிசார் குறியீடு கெடச்சப்ப எல்லாரும் ருசியத்தான் பேசுனாங்க, அகத்தியப் பத்தி யாரும் வாயத் தொறக்கல. அகத்திய எந்த மாசம் எவ்ளோ உசரத்துல நறுக்குவீங்க, காத்துக்கு எந்த தெசையில வாழை மரம் வைப்பீங்கன்னு நீங்க எழுதி அனுப்புங்கய்யா, அப்படியே போடுறேன்.

வலங்கைமான் வாசகர்: வலை வாங்க காசு இல்ல. பாலிதீன் மேல சுண்ணாம்பு அடிக்கலாமா?

அடிக்கலாம், எல்லா ஊர்லயும் பண்றதுதான். நீர்க்க கரைச்சு, துணியில வடிகட்டி, பவர் ஸ்பிரேயரால வெளிப்பக்கம் மட்டும் லேசா அடிங்க, கோயில் மதிலுக்கு அடிக்கிற மாதிரி பூசிடாதீங்க. மதியத்துக்கு நல்லா இருக்கும், ஆனா காலையிலயும் சாயந்தரமும் அத சுருட்டி வைக்க முடியாது, அதுக்கு குடுக்குற வெல அதான். சித்திரை முதல் வாரம் அடிச்சா போதும். நடுவுல ஒரு கோடை மழை பேஞ்சா பாதி கழுவிட்டு போயிடும், திட்டுத் திட்டா நிக்கும், மறுபடி அடிக்கணும். தானா போகலன்னா ஆடி முடியறதுக்குள்ள நீங்களே கூரைக்கு ஹோஸ் புடிச்சு, நீளக் கம்புல துணி கட்டி தேச்சு எடுத்துடுங்க, ஐப்பசி இருட்டுல அந்த வெள்ளை அப்படியே இருந்தா நான் மேல போட்ட 8500 லக்ஸ் கணக்கு உங்களுக்கும் வந்துடும்.